மூளைக்கு எப்படிப் போனது?

மார்ச் 4
எம்ஆர்ஐ படத்தில் வெள்ளையாக மூன்று புள்ளிகள். பெரியது சிறுமூளையில், 8 மில்லிமீட்டர், சுற்றிலும் மங்கலாக வீக்கம். அக்கா நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தது இதனால்தானாம். அக்காவுக்கு மார்பகப் புற்று; அது பரவிக் கல்லீரலில் இருந்த கட்டி போன ஸ்கேனில் நன்றாகச் சுருங்கியிருந்தது. "அப்புறம் இது எப்படி டாக்டர் மேல போச்சு?" என்றேன். "ரத்தத்துலதாம்மா" என்றார். வெளியே அடுத்தவர் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

மார்ச் 6
அந்த ஒரு வரி போதவில்லை, படிக்க உட்கார்ந்துவிட்டேன். கட்டியிலிருந்து கழன்ற செல் சிரை வழியாக இதயத்துக்கு வந்து, நுரையீரலின் நுண்குழாய்களைத் தாண்டி, மறுபடி இதயம் போய், தமனியில் ஏறுகிறது. பெருமூளையில் சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சேரும் இடத்தில் ரத்தக்குழாய்கள் குறுகுவதால் பல செல்கள் அங்கேதான் சிக்குகின்றன. வழியிலேயே செத்துப்போவதுதான் அதிகம்.

மார்ச் 7
1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டியிருக்கிறார். கல்லீரலில் அடிக்கடி பரவியிருக்கிறது, மண்ணீரலில் அபூர்வம். விதை எங்கும் விழும், ஒத்துப்போகிற மண்ணில்தான் முளைக்கும் என்றார். அக்காவுடையது ஹெர்2 பாசிட்டிவ், அதாவது புற்றுசெல்லில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக உள்ள வகை. நோய் பரவிய நிலையில் இந்த வகைக்காரர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை மூளையிலும் வருகிறதாம். ஹெர்2 மிகுதியோ இரண்டு ஹார்மோன் ஏற்பிகளோ இல்லாத ட்ரிப்பிள் நெகட்டிவ் வகையிலும் இந்த ஆபத்து அதிகம். முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 10
மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ரத்த-மூளைத் தடுப்பு. அதைத் துளைத்து உள்ளே வந்த புற்றுசெல்லுக்கும் நிம்மதி கிடையாது. அதைக் கொல்லும் பிளாஸ்மின் என்ற நொதி உருவாக, மூளையின் துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்கள் வழிசெய்கின்றன. தப்பிப்பவை பிளாஸ்மினை முடக்கும் செர்பின் என்ற புரதத்தைச் சுரந்துகொண்டு, நுண்குழாயின் வெளிச்சுவரைக் கட்டிப்பிடித்தபடி வளர்கின்றன. 2014இல் எலிகளில் கண்டது இது. 2019இல் வந்தது இன்னும் விபரீதம்: மார்பகப் புற்றுசெல்கள் நரம்புச் சந்திப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நரம்புகள் செய்தி கடத்த அங்கே சுரக்கும் குளூட்டமேட்டைத் தங்களுக்குப் பயன்படுத்தி வளர்கின்றனவாம். என்ன சாமர்த்தியம்! எரிச்சலாக வந்தது.

கடைசியில்தான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அக்காவுக்கு ஏறும் டிராஸ்டுசுமாப், ஹெர்2வைக் குறிவைக்கும் மருந்து, பெரிய மூலக்கூறு. தடுப்பைத் தாண்டி உள்ளே போவது சொற்பம். கல்லீரலில் கட்டி சுருங்கியபோது, தலைக்குள் இருந்தவற்றை அந்த மருந்து சரியாக எட்டவே இல்லை. உள்ளே நுழையவிடாமல் தடுக்கும் சுவரே, நுழைந்துவிட்டதற்குக் காவலாகவும் நிற்கிறது.

மார்ச் 13
புள்ளிகள் மூன்றுதான் என்பதால் முழு மூளைக்கும் கதிர்வீச்சு வேண்டாம், குறிவைத்துக் கொடுத்தால் போதும் என்றார் டாக்டர். பிறகு டுகாடினிப் மாத்திரை. இதுவும் ஹெர்2வைக் குறிவைப்பதுதான், ஆனால் சிறிய மூலக்கூறு என்பதால் தடுப்பைத் தாண்டக்கூடியது; 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிராஸ்டுசுமாப், கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை இரண்டோடும் சேர்த்துத் தருவார்கள். வயிற்றுப்போக்கு வரலாம் என்று எச்சரித்தார்.

மார்ச் 15
டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மூளை வீக்கத்தைக் குறைத்துவிட்டது, நேராக நடக்கிறாள். ஆனால் அதே மாத்திரையால் தூக்கம் போய், ராத்திரி 2 மணிக்கு அலமாரியை இறக்கிப்போட்டு அடுக்குகிறாள். "தூங்குக்கா" என்றால், "நீ போய்ப் படுடி, எனக்கு வேலை இருக்கு" என்கிறாள். சாயங்கால மாத்திரையை மதியத்துக்கே மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.