கச்சான் காற்றும் 200 மணி நேரமும்

எங்கள் ஊர் மண்டபம். ராமநாதபுரம் போகிற பஸ் உச்சிப்புளியைத் தாண்டும்போதெல்லாம் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளத்துப் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். ஆசைப்படக் காசு கேட்கவில்லை. அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் கேட்டார்கள்.

+2-இல் நான் வணிகவியல். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்று முடித்த பிறகுதான் தெரிந்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதினேன். ஒரு வருடம் போனது, போகட்டும்.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கலை முடித்ததுதான். முதலில் இரண்டாம் வகுப்புச் சோதனை, பிறகு பெங்களூரில் முதல் வகுப்பு. காது, கண், இதயம், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் கண்டுபிடிக்கிற புத்தகம் என்று எதையும் விடவில்லை. என்னோடு படிக்க வந்த ஒரு பையன் முதல் தவணையைக் கட்டிவிட்டு வந்து சோதனைக்கு உட்கார்ந்தான். நிறக்குறைபாடு. அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். விமான விதிகள் பற்றிய ஏர் ரெகுலேஷன்ஸில் முதல் தடவை 66. வானிலைப் பாடமான மெட்டியராலஜி மட்டும் எனக்குப் புதிதாகவே இல்லை. பூமியின் வடபாதியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்று ஒரு விதி உண்டு. மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா வீட்டில் வலை பொத்திக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாடை ஏறிக் குத்துனா புயல் கெழக்கே நிக்குதுன்னு அர்த்தம் தாயி. இதுக்கா பரீச்சை வைக்கிறாங்க?" என்றார். யோசித்துப் பார்த்தேன். வடக்கிலிருந்து வருகிற காற்றுக்கு முதுகைக் காட்டினால் இடக்கைப் பக்கம் வங்காள விரிகுடாதான்.

ரேடியோ தேர்விலும் அப்படித்தான். ஆபத்து வந்தால் மூன்று தடவை 'மேடே' சொல்ல வேண்டும். அப்பாவின் படகில் இருக்கிற வி.எச்.எஃப். செட்டிலும் அதே வார்த்தைதான்.

பறக்கிற பயிற்சி வட இந்தியாவில். பள்ளியின் பெயர் வேண்டாம். லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி நேரப் பறப்பு 14 மாதத்தில் முடியும் என்றார்கள், 27 மாதம் ஆனது. ஒரு விமானம் உதிரிபாகத்துக்காக நிற்கும், இன்னொன்றுக்கு இன்ஸ்ட்ரக்டர் இருக்க மாட்டார், குளிர்காலத்தில் பனிமூட்டம். அறை வாடகை மட்டும் எதற்காகவும் நிற்காது. எல்லாம் சேர்த்து 55 லட்சத்தைத் தொட்டது. இரண்டு விசைப்படகில் ஒன்றை விற்றோம், மிச்சம் வங்கிக் கடன். சேரப் போகிறவர்கள் பள்ளியில் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இந்த வாரம் எத்தனை பறந்தது என்று கேளுங்கள்.

200-இல் 100 மணி நேரம் நாமே கமாண்டராக ஓட்ட வேண்டும். 300 நாட்டிகல் மைல் நெடும்பயணம் ஒன்றும் உண்டு. அதெல்லாம் சுகமாகத்தான் போனது. என்னைப் படுத்தியது குறுக்குக் காற்றில், அதாவது ரன்வேக்குக் குறுக்கே காற்று அடிக்கும்போது, விமானத்தை இறக்குவது. செஸ்னா 172 விமானத்தை 15 நாட் (காற்றின் வேக அளவு) குறுக்குக் காற்று வரை இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு 8 நாட் காற்றிலேயே சக்கரம் ரன்வேயின் நடுக்கோட்டை விட்டு ஓடும். இன்ஸ்ட்ரக்டர் இந்தியில் திட்டுவார், பாதி புரியாது.

போனில் அழுதபோது அப்பா ஒன்றுதான் கேட்டார். "கச்சான் அடிக்கையில நான் துறைக்கு நேரா மூக்கை வச்சா வருவேன்?" வர மாட்டார். காற்று வருகிற பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துத்தான் வருவார், கடைசியில்தான் சுக்கானை நேராக்குவார். மறுநாள் மூக்கைக் காற்றுப் பக்கம் வைத்தே இறங்கினேன். தரை நெருங்கியதும் ரட்டரை, அதாவது விமானத்தின் வால் சுக்கானை, மிதித்து நேராக்கி, காற்று வருகிற பக்கத்து இறக்கையைத் துளி தாழ்த்தினேன். அன்றைக்குத் திட்டு இல்லை. இன்ஸ்ட்ரக்டர் மூன்று வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. ஏர்பஸ் 320 டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிக்கு, தனியாகப் பணம் புரட்ட வேண்டும், வேலை அதற்கும் அப்பால். போன மாதம் ஊருக்கு வந்தபோது, பறந்த கணக்கை எழுதிவைக்கிற லாக் புக்கை அப்பாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "குறுக்குக் காத்துல எத்தனை தடவை எறக்குனன்னு எங்க எழுதியிருக்கு?" என்றார். அதற்கு அதில் கட்டம் இல்லை.