களிமண் ஆமை

"இந்தச் சந்துல ஆமை தலையை விட்டா என்ன ஆகும் மாமா?"

செவ்வாய்ப்பேட்டை எவர்சில்வர் பட்டறையில் அக்கா மகள் கேட்டதும் நானும் பட்டறைக்காரரும் ஒருசேர முழித்தோம்.

கல்லூரி ப்ராஜெக்ட். கடலுக்கடியில் உட்கார்ந்து ஆமைகளைக் கவனிக்கும் அறை, அதற்கு ஒரு மாதிரி. கடலே இல்லாத சேலத்தில்!

"இது துருவே பிடிக்காது கண்ணு" என்றார் அவர். அவள் விடவில்லை. சாதா 304 ரக எவர்சில்வரைக் கடலுப்பு புள்ளி புள்ளியாக அரிக்குமாம். மாலிப்டினம் என்கிற உலோகம் கலந்த 316 ரகம் கொஞ்சம் தாங்குமாம். மனுஷர் வாயடைத்துப் போனார்.

10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று ஜன்னலைக் குமிழ்போல வளைத்திருக்கிறாள். அதெல்லாம் எனக்கு எட்டாது.

ஆனால் அந்தக் களிமண் ஆமை! சுண்டுவிரல் நீளம்தான். அதை ஒவ்வொரு கம்பிச் சந்திலும் நுழைத்து நுழைத்துப் பார்த்தாள்.

ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சுவிட மேலே வந்தே ஆகணும். சிக்கினால் கடலிலேயே மூழ்கிச் செத்துவிடும்.

நாலாவது சந்தில் மாட்டியது.

பற்றவைத்த சட்டத்தை அப்படியே அறுக்கச் சொல்லிவிட்டாள்.

ஏற்காட்டில் வேலி போடுகிற நாம், காட்டெருமை எந்தப் பக்கம் போகும் என்று ஒரு பொம்மையையாவது நகர்த்திப் பார்த்திருப்போமா?

கூலி ரெண்டு மடங்கு. கொடுத்தது நான்தான்.