அபையாங்கில் கிணறும் பாபாய்க் குழியும்

பசிபிக் தீவு என்றதும் நம்மவர் பேச்சில் ஒன்று தேனிலவுக் கடற்கரை வரும், இல்லையேல் மூழ்கப்போகும் நாடு வரும். கிரிபட்டி நாட்டின் அபையாங் பவளத்தீவில் ஒரு சிற்றூரில் தங்கியிருந்த நாள்களில் அவ்வூர் மக்கள் காலை முதல் இரவு வரை பேசியது இவ்விரண்டையும் பற்றியன்று, தண்ணீரைப் பற்றி. ஆகவே நானும் அதையே எழுதுகிறேன்.

பினாங்கிலிருந்து அங்கே போவதற்கு நேர்வழி கிடையாது. சிங்கப்பூர் வழியாகப் பிஜியின் நாண்டிக்குப் பறந்து, அங்கிருந்து வடக்கே கிரிபட்டியின் தலைநகரான தராவாவுக்கு மற்றொரு விமானம் ஏறி, பிறகு படகில் அபையாங்கை அடையலாம். நாண்டியில் காத்திருக்கும் நேரத்தில் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்வரலாம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தென்னிந்தியரின் வழிவந்தவர்கள் போற்றிக் காக்கும் அக்கோபுரத்தைப் பார்த்தபோது, பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்துவிட்டதைப் போன்ற உரிமை தோன்றியது. தராவாவில் 1943 நவம்பரில் அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் நடந்த போரின் துருப்பிடித்த பீரங்கிகள் இன்னமும் கடலைப் பார்த்து நிற்கின்றன. அவற்றைக் காணவும் வெளியூரார் வருகிறார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் மனேயாபாவுக்குப் போகவேண்டும் என்பது முறை. தாழை ஓலை வேய்ந்த அந்தப் பெரிய பொதுமன்றத்தின் கூரை விளிம்பு மிகவும் தாழ்ந்திருப்பதால், எவராயினும் குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழிவழியாக வந்த இடம் உண்டு. விருந்தினனாகிய எனக்குப் பாய் விரித்து, தலையில் பூமாலை சூட்டி, ஊர்ப் பெரியவர்கள் எதிரே அமர்ந்தார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்ல, பெரியவர் ஒருவர் என்னிடம் முதலில் கேட்டது எங்கள் ஊரில் ஆறு உண்டா என்பதைத்தான். உண்டு, பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்துதான் வருகிறது என்றேன். அதன் அகலம் எவ்வளவு, கோடையில் வற்றுமா என்று கேள்விகள் நீண்டன. அபையாங்கில் ஆறோ ஓடையோ கிடையாது. கடல்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரமே உள்ள மணல் திட்டில் அவை எப்படி இருக்கும்!

அங்குள்ள நன்னீர் மழையிலிருந்து வருவதுதான். மணலுக்குள் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கிணறுகள் ஆழமற்றவை, ஆழமாகத் தோண்டினாலும், விசைப்பம்பு வைத்து வேகமாக இறைத்தாலும், உப்பு மேலேறிவிடும். ஆகவே, நீண்ட கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, மேல்நீரை மட்டும் வழித்தெடுப்பதைப் போல மொள்ளுகிறார்கள். அதையும் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும். ஓலைக்கூரையிலிருந்து மழைநீரைப் பிடிப்பது சரிவராது என்பதால், தேவாலயத்தின் தகரக் கூரையும் அதனருகே உள்ள தொட்டியும் ஊருக்கே பெருஞ்செல்வம். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ நமக்கு வறட்சியும் புழுக்கமும் கொண்டுவரும், அவர்களுக்கோ மழையைக் கொண்டுவருகிறது. அதற்கு மாறாகக் கடல் குளிரும் லா நினா ஆண்டுகளில்தான் அவர்களுடைய கிணறுகள் கரிக்கின்றன.

பாபாய் என்னும் பெருங்கிழங்கும் அந்த நீர்ப்படலத்தை நம்பியே வளர்கிறது. நம் கெலாடிக்கு, அதாவது சேம்புக்கு, உறவான இதன் இலை ஆளுயரத்துக்கும் மேல் எழும். நீர் ஊறும் வரை மணலையும் பவளக்கல்லையும் தோண்டி எடுத்து, அடியில்லாத ஓலைக்கூடைக்குள் கிழங்கை நட்டு, இலைதழைகளை மட்கவைத்து எருவாக இடுகிறார்கள். எந்த இலையை எப்போது இடுவது என்பது குடும்ப இரகசியம். நான் கேட்டபோது ஆசிரியர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய இக்குழிகளில் ஒருமுறை கடல் புகுந்தால் எல்லாம் வீண். அதே தீவின் தெபுங்கினாகோ ஊரார் கடலரிப்பாலும் உப்பாலும் உள்ளே தள்ளிக் குடியேற நேர்ந்தது. அலையேற்றத்தின்போது பழைய தேவாலயத்தைச் சுற்றிக் கடல்நீர் நிற்குமாம். கடல் வீட்டை மூழ்கடிப்பதற்கு வெகுமுன்பே கிணற்றைக் கெடுத்துவிடும் என்பதைப் படமெடுக்க வருவோர் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். கெட்டுப்போன கிணறு படத்தில் நல்ல கிணற்றைப் போலத்தான் தெரியும்.

காலையிலும் மாலையிலும் ஆண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே தென்னையில் ஏறிப் பாளை சீவுகிறார்கள். பினாங்கின் நிபோங் திபால் பக்க ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் தாத்தாவுக்குக் கள் என்றாலே கசப்பு. சம்பளத்தை விழுங்கிய கள்ளுக்கடை அவர் காலத்துத் தோட்டங்களில் இருந்தது, அதை மூடவேண்டும் என்பது 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. அபையாங்கிலோ புளிக்காத இளங்கள் குழந்தைகளின் பானம். காய்கறி அரிதான மண்ணில் வைட்டமின் சி அதிலிருந்து கிடைக்கிறது. மீதியைக் காய்ச்சிக் கமைமை என்னும் பாகாக்கி, நீரில் கலந்து எனக்கும் தந்தார்கள். கருப்பட்டி மணம் அப்படியே இருந்தது. புளிக்கவைத்துக் குடிப்போரும் இல்லாமலில்லை.

போக எண்ணுவோர் ஆஸ்திரேலிய டாலரைச் சில்லறையாகக் கொண்டுசெல்லுங்கள்; அங்கே புழங்குவது அதுதான். குடிநீரையும் அரிசியையும் தராவாவிலேயே உங்களுக்குப் போதுமான அளவு வாங்கிப் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள். விருந்தினருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் அவ்வூரில் இல்லாததால், நீங்கள் குளிக்கும் ஒவ்வொரு வாளியும் அவர்கள் கிணற்றிலிருந்துதான் வரும்.