கடல் நாளும் முகூர்த்த நாளும்: மகளின் திருமணத் தேதியை முடிவு செய்த விதம்

என் மூத்த மகளுக்கு ராமேஸ்வரத்தில் சம்பந்தம் கூடிவந்து, பரிசம் போட்ட பிறகு, திருமணத் தேதியை முடிவு செய்ய நாங்கள் எடுத்துக்கொண்ட வழியை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பெண் கொடுப்பவர்களுக்கும் எடுப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன். தேவிபட்டினத்தை அடுத்த கடற்கரைக் கிராமம் எங்களுடையது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்பதால், எந்த மாதத்தில் யார் கையில் பணம் இருக்கும், எந்தக் கிழமையில் யார் கரையில் இருப்பார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். சோதிடரிடம் போவதற்கு முன்பாகவே இவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தாலி கட்டும் நேரத்தில் அட்சதை போடுவதற்கு உற்றார் உறவினர் வந்து நிற்க முடியாத ஒரு நாளை, பஞ்சாங்கம் எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும், என்னால் நல்ல நாளாகக் கொள்ள முடியாது.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் வைகாசியைச் சொன்னார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்த இந்தத் தடை, 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. தமிழ்க் கணக்கில் பார்த்தால் சித்திரையும் வைகாசியும் ஏறக்குறைய முழுவதுமாக இதற்குள் அடங்கிவிடுகின்றன. படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும், ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், ஆகவே கல்யாணத்துக்கு அதைவிடத் தோதான காலம் இல்லை என்பது சம்பந்தியின் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் அதே காலத்தில்தான் படகு உரிமையாளர் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் பூசி, எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பார். கையிருப்பு அதிலேயே கரைந்துவிடும். படகில் கூலிக்குப் போகிறவர்களோ அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தையும், உரிமையாளரிடம் வாங்கிய முன்பணத்தையும் வைத்து இரண்டு மாதத்தை ஓட்ட வேண்டும். அந்த நிலையில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு மொய்யும் சீரும் எவ்வளவு பெரிய சுமை என்பதைச் சங்கத்துக் கடன் பேரேட்டில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தங்கை மகள் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு வர முடியாது என்று, வட்டிக்கு வாங்கிவந்து சபையில் நிற்கும் தாய்மாமன்கள் எங்கள் ஊரில் உண்டு. சம்பந்தியிடம் இதைத்தான் எடுத்துச் சொன்னேன். அவரும் படகு வைத்திருப்பவர். சற்று நேரம் யோசித்துவிட்டு, "நீங்கள் சொல்வது சரிதான் சம்பந்தி, என் படகிலேயே வேலை முடியாமல் கிடக்கும்" என்று ஒப்புக்கொண்டார்.

மற்ற மாதங்கள் விரைவாகவே கழிந்தன. மூத்த மகனுக்கும் மூத்த மகளுக்கும் ஆனியில் மணம் முடிப்பதில்லை என்ற வழக்கம் இரு வீட்டிலும் உண்டு; தவிரவும், தடைக்காலம் முடிந்து முதன்முதலாகக் கடலுக்குப் போகும் அந்த வாரங்களில் எந்தப் படகையும் நிறுத்தி வைக்கச் சொல்ல முடியாது. ஆடியில் பேச்சே இல்லை. புரட்டாசியை மாப்பிள்ளையின் அப்பத்தா ஏற்கவில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்தத்துக்கு உகந்த மாதங்களே என்றாலும், பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் காலம் அது. மழையில் மண்டபத்துக்கு ஆள் வந்து சேர்வதே சந்தேகம். தை மாதம் எல்லா வகையிலும் பொருந்தியது, ஆனால் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் என் மகனுக்கு விடுப்பு ஆவணியில்தான் கிடைக்கும் என்று ஆகிவிட்டது. அக்காள் கல்யாணத்தில் தம்பி இல்லாமல் எப்படி? ஆவணி என்று முடிவு செய்தோம். மகள் தனியார் பள்ளி ஆசிரியை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு தொடங்குவதற்கு முன் முடிந்தால் நல்லது என்றாள். பெண்ணிடம் அவளுடைய தாய் தனியே கேட்டறிய வேண்டிய மாதக் கணக்கையும் என் மனைவி கேட்டுக் குறித்து வைத்தாள். இதைக் கேட்காமல் நாள் குறித்துவிட்டுப் பிறகு மருந்து மாத்திரையால் தள்ளிப்போடச் சொல்லிப் பெண்களை வருத்தும் வீடுகளை அறிவேன். அது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்து, கிழமை. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் மீன்துறையின் அனுமதிச் சீட்டு பெற்றுக் காலையில் புறப்பட்டு, மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வைத்தால் மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் எங்கள் பக்கத்து உத்தியோகக்காரர்களுக்கு வசதி. ஆனால் சனிக்கிழமை போன படகு ஞாயிறு விடிகாலையில் வரும். மீனை இறக்கி, ஐஸ் போட்டு, வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுத்து, பங்கு பிரித்து, வலையை அலசி முடிக்கும்போது முகூர்த்த நேரம் கடந்திருக்கும். வியாழனும் அப்படியே. செவ்வாயில் யாரும் வைப்பதில்லை. படகு போகாத நாளாகவும், திரும்பி வராத நாளாகவும் வாரத்தில் எஞ்சி நிற்பது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அது தெரிந்தவுடன் என் மனைவி முகம் சுருங்கியது. வெள்ளிக்கிழமையில் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம், எளிதில் தள்ளிவிடக் கூடியதும் அன்று. இதற்கு வழி சொன்னவர் என் மைத்துனர். திருமணம் மாப்பிள்ளை ஊரில் நடக்கட்டும், வியாழக்கிழமையே பெண்ணழைப்பு வைத்து அழைத்துப் போய்விடலாம், அப்படியானால் பெண் வீட்டைவிட்டுக் கிளம்புவது வியாழக்கிழமையாகிவிடும் என்றார். வியாழனன்று ராகு காலம் பகல் 1.30 முதல் 3 வரை. மூன்று மணி கழிந்ததும் கிளம்பினால், விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே வாசலைத் தாண்டிவிடலாம். மனைவி முகம் தெளிந்தது.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டுதான் சோதிடரிடம் போனோம். "நாள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்காமல், "இந்த நாட்களில் எது ஆகும், எது ஆகாது, ஏன் என்று சொல்லுங்கள்" என்று கேட்டோம். அவர் முதிர்ந்தவர், சலித்துக்கொள்ளவில்லை. "இப்படி வந்தால் எனக்கும் வேலை சுலபம் தம்பி" என்று சொல்லிப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். ஆவணியில் 2, 9, 28 ஆகிய தேதிகள் ஆண்டுதோறும் கரிநாட்கள். அந்தத் தேதியில் விழுந்த ஒரு வெள்ளி முதலில் போயிற்று. தேய்பிறையில் வந்தவை அடுத்துப் போயின. மீதி நின்றது அமாவாசைக்குப் பிறகு வந்த வெள்ளி: வளர்பிறைத் திருதியை, உத்திர நட்சத்திரம். மகள் ரோகிணி, ரிஷப ராசி. மாப்பிள்ளை அவிட்டம், மகர ராசி. ரோகிணியிலிருந்து எண்ணினால் உத்திரம் ஒன்பதாவது, அவிட்டத்திலிருந்து எண்ணினால் பதினேழாவது, ஒன்பதைக் கழித்தால் எட்டு. பிறந்த நட்சத்திரத்திலிருந்து அந்த நாளின் நட்சத்திரம்வரை எண்ணிப் பார்க்கும் தாராபலம் இருவருக்கும் நன்றாக இருக்கிறது என்று விரல் விட்டுக் கணக்கிட்டுக் காட்டினார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. உத்திரத்தின் முதல் பாதம் சிம்ம ராசியில் இருக்கிறது. சிம்மத்தில் சந்திரன் நிற்கும்வரை மகர ராசிக்காரருக்குச் சந்திராஷ்டமம், அதாவது சந்திரன் ராசிக்கு எட்டில் இருக்கும், நல்ல காரியத்துக்கு ஆகாத நேரம். இரண்டாம் பாதம் தொடங்கிச் சந்திரன் கன்னிக்கு வந்த பிறகே தாலி கட்ட வேண்டும். எங்கள் சோதிடர் வைத்திருந்தது பழைய வாய்பாட்டு முறையில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி விடிவதற்கு முன்பே சந்திரன் கன்னிக்கு வந்துவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதோ இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம். அதில் அந்த மாற்றம் சூரிய உதயத்துக்குப் பிறகு காட்டப்பட்டிருந்தது. இரண்டுக்கும் இப்படிச் சில மணி நேரம் வேறுபடுவது வழக்கம்தான். எது சரி என்று வாதாடி இரு வீட்டாரும் மனம் கசந்த கதைகள் எங்கள் பகுதியில் நிறைய உண்டு. நான் இரண்டு பஞ்சாங்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொன்னேன். காலை 6 முதல் 7.30 வரையிலான முகூர்த்தத்தை விட்டுவிட்டு, 9 முதல் 10.30 வரை என்று வைத்தால் இரண்டு கணக்கிலும் சந்திரன் கன்னியில் இருக்கிறான்; வெள்ளியன்று ராகு காலம் 10.30க்குத்தான் தொடங்குகிறது. லக்கினத்தையும் சரிபார்த்து, 9.30க்கு மேல் 10.15க்குள் என்று எழுதிக் கொடுத்தார். சம்பந்தியின் சோதிடரும் அதே நேரத்தை ஒப்புக்கொண்டார்.

இந்த நேரத்தால் வேறொரு நன்மையும் கிடைத்தது. எங்கள் ஊரில் மாமன் மச்சானாகப் பழகும் முஸ்லிம் குடும்பங்கள் பல. வெள்ளிக்கிழமை பகலில் அவர்களுக்கு ஜும்மா தொழுகை. பத்தே கால் மணிக்குள் தாலி கட்டி முடிந்தால், முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு ராமேஸ்வரத்திலேயே பள்ளிவாசலுக்குப் போக அவர்களுக்கு நேரம் இருக்கும். நோன்பு மாதம் அந்த ஆண்டு ஆவணியில் வரவில்லை என்பதை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தோம்.

தேதியை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் இரண்டு இடங்களில் விசாரித்தோம். முதலாவது, இரண்டு ஊர்க் கோயில் பெரியவர்கள். ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் முளைப்பாரித் திருவிழாக்கள் நடக்கும். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள், ஊருக்குள் நல்ல காரியமும் நடக்காது. பெண்ணழைப்புக்கு முந்தின நாள் இரவே கிளம்ப வேண்டிய சமையல்காரர் முதல், வியாழன் இரவு ராமேஸ்வரத்தில் தங்க வேண்டிய பங்காளிகள்வரை எல்லோரையும் இது கட்டிப்போட்டுவிடும். அந்த ஆண்டுக் காப்பு எப்போது என்று கேட்டு, திருவிழா எங்கள் கல்யாணத் தேதிக்குள் முடிந்துவிடும் என்று ஊர்த் தலைவர் உறுதி சொன்ன பிறகே மேற்கொண்டு நகர்ந்தோம். இரண்டாவது, தங்கும் விடுதிகள். அமாவாசையன்று தர்ப்பணத்துக்கு வரும் கூட்டத்தால் ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பது கடினம். திருதியைக்குள் அந்தக் கூட்டம் வடிந்துவிடும் என்று விடுதிக்காரர்களே சொன்னார்கள். ஆனால் திருதியைக்கு மறுநாள் விநாயகர் சதுர்த்தி. பூ விலை ஏறும், வேன் வாடகையும் ஏறும். மாலைக்கும் வண்டிக்கும் முன்கூட்டியே முன்பணம் கொடுத்து விலையை முடித்துக்கொண்டோம். பஞ்சாங்கத்தில் தேதி தேடுகிறவர்கள் அதற்கு முந்தின நாளையும் பிந்தின நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன்.

ஞாயிறு இல்லையே என்று சென்னை உறவினர் சிலர் வருத்தப்பட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே பத்திரிகை கையில் கிடைத்ததால், பெரும்பாலோர் விடுப்பு எடுத்து வந்துவிட்டார்கள். வியாழன் மாலை மூன்று மணிக்குப் பிறகு மகளை அழைத்துக்கொண்டு ராமநாதபுரம், மண்டபம் வழியாகப் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தோம். மறுநாள் சம்பந்தியின் படகுக்காரர்கள் ஒருவர் விடாமல் குளித்து, வேட்டி கட்டி, மணவறைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தேதி குறிப்பதோடு சேர்ந்த கடைசி வேலை பதிவு. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி, திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பத்திரிகையில் அச்சிட்ட தேதியும் இடமும்தான் அங்கே காட்டும் சான்றுகளில் ஒன்று என்பதால், தமிழ்த் தேதிக்குப் பக்கத்திலேயே ஆங்கிலத் தேதியையும் மண்டபத்தின் முழு முகவரியையும் தெளிவாக அச்சிடச் செய்திருந்தோம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே இருவரும் போய்ப் பதிவை முடித்துவிட்டார்கள்.