உக்கிராண அறையின் சாவி

எங்கள் தமிழ் அகராதிச் செயலிக்காக உழைப்பவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. வங்கி ஊழியர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், என்னைப் போல் அலுவலகம் முடிந்து வந்து இரவில் நிரல் எழுதுகிறவர்கள் என்று ஏழு ஆண்டுகளில் முப்பது பேருக்கு மேல் வந்தும் போயும் இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரல்களைச் சேமித்துப் பலர் சேர்ந்து திருத்த உதவும் கிட்ஹப் தளத்தில் எங்கள் கணக்கைத் திறந்து, நிரல்கள் இருக்கும் எந்தக் களஞ்சியத்தில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று முதன்முறையாக வரிசையாகப் பார்த்தேன். எழுதும் உரிமை, அதாவது நிரலை நேரடியாக மாற்றும் உரிமை, பத்தொன்பது பேரிடம் இருந்தது. அவர்களில் கடந்த ஓராண்டில் ஒரு வரியேனும் எழுதியவர்கள் ஐந்து பேர்.

என்னை அந்தப் பக்கத்தைத் திறக்க வைத்தது எக்ஸ்இசட் விவகாரம். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பெரும்பாலான கணினிகளில் இருக்கும் அந்தச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைய வழிவிடும் பின்வாசல் ஒன்று புதைக்கப்பட்டிருப்பதை 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் அறிவித்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற கருவி வழியாக நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று அவர் துருவியதில் சிக்கியது அது. ஜியா டான் என்ற பெயரில் 2021இல் சிறு திருத்தங்களோடு வந்து, பொறுமையாக உழைத்து, இணைப் பராமரிப்பாளராகி, வெளியீடுகளைத் தானே செய்யும் இடத்துக்கு வந்துவிட்ட ஒருவரின் வேலை. அதுவரை திட்டத்தைத் தனியாளாகச் சுமந்துவந்த லாஸ்ஸே காலின், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று 2022இலேயே எழுதியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் வேறு சில பெயர்களில் வந்த மடல்கள், வேலை மெதுவாக நடக்கிறது, புதிய பராமரிப்பாளரைச் சேருங்கள் என்று அவரை நெருக்கிக்கொண்டிருந்தன. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பல மாதங்கள் பார்த்துப் பழகிய பிறகு கொடுத்த உரிமையை நான் மூன்றே வாரத்தில் கொடுத்திருக்கிறேன்.

ஏன் கொடுத்தேன் என்றால், உரிமை கொடுப்பதை நாங்கள் பொன்னாடை போர்த்துவதாகவே நினைத்துவந்தோம். சம்பளம் தர முடியாத இடத்தில் வேறு எதைத் தருவது? நல்ல திருத்தம் ஒன்று வந்தால் எழுதும் உரிமை, இரண்டு மாதம் நீடித்தால் நிர்வாகி உரிமை. உண்மையில் பங்களிப்பதற்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை. களஞ்சியத்தை நகலெடுத்துத் திருத்தி, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புல் ரிக்வெஸ்ட் என்ற கோரிக்கையை அனுப்பினால் போதும். லினக்ஸ் கருநிரலுக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் நிரல் எழுதினாலும், அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையில் அவர்கள் நேரடியாக எழுதுவதில்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஐம்பது பேர் ஓடினாலும் உக்கிராண அறையின் சாவி ஒரு மாமாவின் இடுப்பில்தான் இருக்கும். அதற்காகப் பரிமாறுகிறவர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

2021இல் மாணவர் ஒருவர் எங்கள் நிரலின் முதன்மைப் பிரதியான மெயின் கிளையின் மேல், இருப்பதை அழித்துத் தன் நகலைத் திணிக்கும் ஃபோர்ஸ் புஷ் செய்துவிட, எங்களுடைய இரண்டு வார வேலை காணாமல் போனது. வங்கி நண்பரின் மடிக்கணினியில் முதல்நாள் எடுத்த நகல் இருந்ததால் பிழைத்தோம். உடனே இப்படி அழித்தெழுதுவதைத் தடுக்கும் கிளைப் பாதுகாப்பை இயக்கினேன். ஆனால் அது நிர்வாகிகளையும் கட்டுப்படுத்த வேண்டும் என்ற தேர்வைத் தனியாக இயக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவில்லை. அப்போது எங்களிடம் நிர்வாகிகள் எட்டுப் பேர். மூன்று ஆண்டுகள் பூட்டு தொங்கியது, கதவு திறந்தே கிடந்தது.

கிட்ஹப் நிறுவனக் கணக்கில் ரீட், டிரியாஜ், ரைட், மெயின்டெய்ன், அட்மின் என்று ஐந்து படிகள் இருக்கின்றன. இவற்றில் எங்களைப் போன்ற குழுக்கள் கண்டுகொள்ளாதது டிரியாஜ். நிரலைத் தொட முடியாது, ஆனால் வரும் வழு அறிக்கைகளைப் பிரிக்கலாம், அடையாளமிடலாம், மூடலாம். புதிதாக வரும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பொறுப்பை நான் பார்த்ததில்லை. இதற்கு நேர்மாறாக, நிரலே எழுதாத எங்கள் தமிழாசிரியைக்கு எழுதும் உரிமை கொடுக்க வேண்டியிருந்தது. சொற்பட்டியல் கோப்புறையில் எந்த மாற்றமும் அவருடைய ஒப்புதலின்றிச் சேரக் கூடாது என்று கோட்ஓனர்ஸ் கோப்பில் எழுதினோம். அக்கோப்பில் குறிக்கப்படுகிறவருக்கு எழுதும் உரிமை இருந்தால்தான் அந்த விதி செல்லும்.

உரிமையைத் திரும்ப எடுப்பதில் கருவி சார்ந்த சிக்கல் ஒன்றும் இருந்தது. ஒருவருக்கு, கிட்ஹப்பில் பலரைச் சேர்த்து அமைக்கும் அணி வழியாகவும் தனிப்பட்ட அழைப்பின் வழியாகவும் உரிமை இருந்தால் இரண்டில் உயர்ந்ததே செல்லுபடியாகும். ஆகவே அணியிலிருந்து நீக்கப்பட்ட நால்வர், ஏதோ அவசரத்தில் தனியாக அனுப்பப்பட்ட பழைய அழைப்புகளின் பலத்தில் இன்னும் உள்ளேயே இருந்தார்கள். அதன் பிறகு அணிகளின் வழியாக மட்டுமே உரிமை என்று வைத்துக்கொண்டோம்.

ஆனால் கடினமானது கருவி அல்ல. திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவருக்கு, "அண்ணா, நீங்கள் மூன்று ஆண்டுகளாக இந்தப் பக்கம் வரவில்லை, பாதுகாப்புக்காக உங்கள் நிர்வாகி உரிமையை எடுத்துவிடலாமா?" என்று எழுத எனக்குப் பத்து நாள் ஆனது. "என் பெயரையும் எடுத்துவிடுவீர்களா தம்பி?" என்பதுதான் அவருடைய பதில். சாவியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அன்றிரவே செயலியின் 'உருவாக்கியோர்' பக்கத்தை விரித்து எழுதி, அவர் பெயரை முதல் வரியில் வைத்து, படம் எடுத்து அனுப்பினேன். டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் விடைபெற்ற உறுப்பினரின் மின்சாவி நீங்கினாலும் எமரிடஸ் என்ற மதிப்பு நிலை அவருக்கு உண்டு. நாங்கள் பொன்னாடையையும் சாவியையும் ஒன்றாக மடித்துக் கொடுத்ததால்தான் இந்தத் தர்மசங்கடம். இப்போது ஓராண்டு வராதவர்களின் உரிமை தானாக விலகும், வந்து கேட்டால் அன்றே திரும்பும் என்று பங்களிப்பு விதிகளிலேயே எழுதிவிட்டோம். யாரும் யாருக்கும் கடிதம் எழுதி நெளிய வேண்டியதில்லை.

எக்ஸ்இசட்டில் இன்னொன்றும் உறைத்தது. பின்வாசலைத் தூண்டிவிடும் துண்டு, வெளியீட்டுக்காகக் கட்டிய தொகுப்பில்தான் இருந்தது. எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. அப்படியானால் இணைக்கும் உரிமையும் வெளியிடும் உரிமையும் வேறு வேறு. எங்கள் செயலியின் பதிப்புகள் எங்களுடையவைதான் என்று கையொப்பமிடும் மின்சாவியும் பிளே ஸ்டோர் கணக்கும் என் ஒருவனிடம் மட்டுமே இருந்தன. அதாவது பத்தொன்பது பேரைக் கண்டு பதறிய நான், எனக்கு ஒன்று நேர்ந்தால் செயலிக்குப் புதிய பதிப்பே வராது என்பதை யோசித்திருக்கவில்லை. இப்போது இரண்டாவது பிரதி வங்கி நண்பரிடம் இருக்கிறது. நிறுவனக் கணக்கிலும் உரிமையாளர்கள் நாங்கள் இருவர்.

கடைசியாகக் கண்ணில் பட்டது, எழுதும் உரிமையோடு 2019இல் சேர்க்கப்பட்டிருந்த ஒரு டெப்ளாய் கீ, அதாவது ஆளுக்குப் பதிலாக ஒரு கணினி களஞ்சியத்துக்குள் நுழையப் பயன்படும் மின்சாவி. அது எந்த ஆளின் கணக்கோடும் கட்டுப்பட்டதல்ல, சேர்த்தவர் விலகிய பிறகும் வேலை செய்யும் என்பதால், ஆட்களின் பட்டியலை எத்தனை முறை சலித்தாலும் அது தென்பட்டிருக்காது. பெயர் 'டெஸ்ட்'. சேர்த்தது யார் என்று பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது.