டாப் ஸ்டேஷன், ஐந்தடி நீளம்

ஜூன் 18, 2023, ஞாயிறு

வியாழக்கிழமை போடிக்கு ரயில் வந்துவிட்டது. மாமா போனில் கத்தினார்: "மாப்ள, ஊரே ஸ்டேஷன்லதான் நிக்குது!" 2010 கடைசியில், அகலப் பாதையாக மாற்றுவதற்காக, மீட்டர் கேஜ் வண்டி நின்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறிய ஊர் அது. கத்தட்டும்.

போனை வைத்தபின் எங்கள் மலை ரயிலின் நினைப்பு வந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்க ஆரம்பித்தது. 1908இல் இரண்டடி அகலப் பாதையாகி நீராவி என்ஜின் வந்தது. 1924 ஜூலை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. மலையடிவாரத்துப் போடிக்கு முதல்முதலாக ரயில் வந்ததே 1928இல்தான். ஆக மலைமேல் ரயில் ஓடியபோது அடிவாரத்தில் இல்லை, அடிவாரத்துக்கு வந்தபோது மலைமேல் இல்லை. நான்கே வருஷத்தில் தவறவிட்டிருக்கிறார்கள்.

மூன்று வருஷமாக வாயால் கட்டிக்கொண்டிருக்கும் அந்த ரயிலின் சின்ன மாடலை இந்த மழைக்காலத்தில் கையால் கட்டுவது என்று முடிவு. மழையில் கடைக்கு மிக்ஸி ரிப்பேர்கூட வருவதில்லை.

ஜூலை 2

கணக்கு. மாடல் ரயில் கட்டும் பெரிய அண்ணன்மாரெல்லாம் வைத்துக்கொள்ளும் அளவு: நிஜத்தில் ஓர் அடி, மாடலில் 4 மில்லிமீட்டர். அதாவது 76இல் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் இரண்டடிப் பாதைக்கு 8 மில்லிமீட்டர் வேண்டும். ஆனால் கடையில் கிடைப்பது 9 மில்லிமீட்டர் தண்டவாளம், ஏனென்றால் 'N கேஜ்' என்கிற இன்னும் சின்ன மாடல் ரயில்களின் பாதை அகலம் அது. அந்த என்ஜின்களின் அடிப்பாகத்தை வாங்கி, மேலே வேறு கூடு கட்டி ஓட்டலாம். பாதை நிஜக் கணக்கில் மூன்று அங்குலம் கூடுதல் அகலமாகிவிடும். இந்த மூன்று அங்குலப் பொய்யை உலகம் முழுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இனிமேல்தான் சங்கடம். மூணாறு முதல் டாப் ஸ்டேஷன் வரை சாலை வழியே 32 கிலோமீட்டர். 76ஆல் வகுத்தால் 420 மீட்டர். என் அறை பத்தடி.

ஜூலை 9

முழுப் பாதை இல்லை. ஒரே ஓர் இடம். எது?

நல்லதண்ணி தேயிலை மியூசியத்துக்குப் போனேன், குண்டளை ரயில் என்ஜினின் சக்கரம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒவ்வொரு விருந்தாளியோடும் போய்ப் பார்த்ததுதான். தனியாகப் போனால்தான் நின்று பார்க்க முடிகிறது.

முதலில் மூணாறு ஸ்டேஷன் என்றுதான் நினைத்திருந்தேன். கட்டடம் இன்றும் கம்பெனி ஆபீஸாக நிற்கிறது, பார்த்தே செய்யலாம். மகன் வெள்ளத்தையே செய்யச் சொன்னான், ரெசின் ஊற்றினால் தண்ணீர் தத்ரூபமாக வருமாம். எனக்கு மனசில்லை. பதினாறு வருஷம் ஓடிய ரயிலை ஏன் அது செத்த நாளில் நிறுத்தி வைக்க வேண்டும்?

டாப் ஸ்டேஷன்தான். அந்தப் பெயரே அங்கிருந்த ரோப்வேயின் மேல்முனை என்பதால் வந்தது. ரயில் கொண்டுவந்த தேயிலைப் பெட்டிகள் அங்கே கம்பியில் தொங்கி அடிவாரத்துக் கோட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. குரங்கணிப் பாதையில் நடந்தால் நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே ஒரு சிற்றூர் வரும். ரயிலே பார்க்காத ஸ்டேஷன்! என் அப்பாவின் பாட்டி அந்தப் பாதையில்தான் மூட்டையோடு ஏறி வந்தார். பெட்டி இறங்கிய வழி, எங்கள் ஆட்கள் ஏறிய வழி, இரண்டும் ஒரே மலைச்சரிவு.

இரவு, அதே நாள்: வருஷமும் முடிவாகிவிட்டது. 2018இல் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னால் போனால் 1922. ரயில் ஓடிய காலத்துக்குள் விழுகிறது. 1922 செப்டம்பர், சரிவு முழுக்க நீலம். இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்.

ஜூலை 16

பலகை. ஆசாரி சேட்டனிடம் ஐந்தடிக்கு ஒன்றரையடி என்றதும், "ஆர்க்கா, கொச்சு குட்டிக்கா கட்டில்?" என்றார். ரயிலுக்கு என்றேன். பதில் பேசாமல் மரைன் பிளைவுட் என்று சீட்டில் எழுதிக்கொண்டார். சாதா பிளைவுட் இங்கே ஒரு மழைக்காலத்தில் அப்பளமாகிவிடும்.

தண்டவாளத் திட்டம் சின்னது. ஒரு மெயின் லைன், என்ஜின் கழன்று வண்டியைச் சுற்றி மறுபக்கம் வர ஒரு லூப், ரோப்வே கொட்டகைக்கு ஒரு கிளை. நான்கு வேகனும் ஒரு பிரேக் வண்டியும் சேர்ந்தால் சுமார் 27 சென்டிமீட்டர், அது லூப்பில் முழுசாக நிற்க வேண்டும். லூப் முடிவில் என்ஜின் மட்டும் நிற்க ஒரு துண்டு. இந்தத் துண்டை மறந்துவிட்டுத்தான் முதல் இரண்டு தாளையும் கிழித்தேன். இடது ஓரத்தில் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் பாதை மறையும். அங்கே இரண்டடிப் பலகை தனியாக, கண்ணுக்குத் தெரியாமல். அதுதான் மீதிப் பாதை: குண்டளை, மாட்டுப்பட்டி, மூணாறு எல்லாம்.

தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி கேட்டாள்: "டேம் எங்கேங்க?" குண்டளை டேம் 1946இல் வந்தது, மாட்டுப்பட்டி அதற்கும் பிறகு. நம்பாமல்தான் போனாள். மாட்டுப்பட்டி என்றால் டேம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஜூலை 30

தேயிலைச் செடி. இடுப்பளவுச் செடி மாடலில் 12 மில்லிமீட்டர். நாலடிக்கு ஒரு செடி என்றால் 16 மில்லிமீட்டருக்கு ஒன்று, சதுர அடிக்கு 360 சொச்சம். இரண்டு சதுர அடித் தோட்டம் போதும் என்று குறைத்துக்கொண்டேன். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை வெட்டிப் பிய்த்து, தலையை மட்டும் சமமாகக் கத்தரித்தால் கொழுந்து எடுத்த செடி மாதிரியே இருக்கிறது. இதுவரை 94. சைக்கிளில் போகும்போதுகூட வரிசை எண்ணுகிறேன்.

மண்ணுக்கு டீ போட்ட சக்கைதான், நிறம் அச்சு அசல். பசை தடவித் தூவி ஐந்தே நாளில் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. ஜூலை மாசத்து மூணாறில் ஈரச் சக்கையைக் காயவைத்ததாக நினைத்தது என் தப்பு. சுரண்டி எடுத்துவிட்டு, புதுச் சக்கையை வாணலியில் மொறுமொறுவென்று வறுத்தேன். வீடு முழுக்கக் கருகிய டீ வாசனை.

ஆகஸ்ட் 13

ரோப்வே வெள்ளோட்டம். பலகை முன்விளிம்பிலிருந்து தூண்டில் நரம்பு கீழே இறங்கி, தரையில் உள்ள அரிசி டப்பாவின் பின்னால் இருக்கும் கப்பியைச் சுற்றித் திரும்பும். டப்பாதான் கோட்டகுடி, மகன் ஸ்டிக்கரே ஒட்டிவிட்டான். இறங்கும் பக்கத்தில் தீக்குச்சியில் செய்த தேயிலைப் பெட்டிகள், ஏறும் பக்கம் காலி. சுற்றுவதற்குக் கடையில் கிடந்த மைக்ரோவேவ் மோட்டார். தட்டைச் சுற்றும் மோட்டார், நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்றுதான், வேகம் கச்சிதம்.

சுவிட்ச் போட்டேன். இறங்கியது. நிறுத்திவிட்டு மாமாவுக்கு வீடியோ எடுக்க மறுபடி போட்டால் பெட்டிகள் ஏறுகின்றன. எத்தனை மைக்ரோவேவைப் பிரித்திருக்கிறேன்! அந்த மோட்டார் கிளம்பும் நேரத்தைப் பொறுத்து எந்தப் பக்கமும் சுற்றும், தட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. தேயிலைக்கு உண்டு. வீடியோ அப்படியே போய்விட்டது. மாமாவின் பதில்: "போடியில இருந்தா மூணாறுக்குத் தேயிலை அனுப்புறோம்?"

12 வோல்ட் கியர் மோட்டார் ஒன்று வாங்க வேண்டும். 230 வோல்ட்டை மகன் கை வைக்கும் இடத்தில் விடுவதும் சரியில்லை. செடி 211.