உடுப்பில்லாத ஊருக்கு ஒரு சுற்றுலா

ஒஸ்லோவில் எங்கள் முதியோர் குழுவை எங்காவது கூட்டிப் போவதென்றால் முதல் கேள்வி, எவ்வளவு நடக்க வேண்டும் என்பதுதான். வீகலாண்ட் பூங்கா அதில் தேறியது. 12ஆம் இலக்க ட்ராம் வாசலிலேயே இறக்கிவிடும், நுழைவுக் கட்டணமும் இல்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் ஒரு தயக்கம். குஸ்தாவ் வீகலாண்ட் செய்த 200க்கும் மேற்பட்ட சிலைகள் அங்கே நிற்கின்றன, மனிதர் யாருக்கும் உடுப்பில்லை. வாசலுக்குப் பக்கத்தில் சுத்தியலும் உளியுமாக நிற்கும் சிற்பியின் சொந்தச் சிலைக்கு மட்டும் வேலை உடுப்பு உண்டு.

"தனக்கு மட்டும் தைச்சுப் போட்டிட்டார்" என்றார் ஒரு மாமி. அதோடு என் தயக்கம் போய்விட்டது.

நூறு மீற்றர் பாலத்தில் 58 வெண்கலச் சிலைகள். கூட்டமெல்லாம் ஒன்றிடம்தான்: காலை உதைத்து வீரிட்டு அழும் சின்னப் பையன். ஆளாளுக்குத் தொட்டுத் தொட்டு அவன் கை பொன் நிறமாகிவிட்டது. "அழுகிற பிள்ளையை ஏன் எல்லாருமாச் சீண்டுறியள்?" என்று அதே மாமி வரிசையில் நிற்க மறுத்துவிட்டார். எனக்கும் அந்தப் பாலத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. கருங்கல் சிலைகள் இருக்கும் மேடைதான் இந்தப் பூங்காவின் உயிர்.

படிகளில் 36 கருங்கல் தொகுதிகள்: குழந்தைகள், காதலர், முதுகு வளைந்த கிழவர்கள். நடுவில் ஒரே கல்லில் செதுக்கிய, 14 மீற்றருக்கும் உயரமான தூண். அதில் 121 உடல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்குகின்றன. படியில் இருந்து ரோல்ஸும் தேத்தண்ணியுமாக எல்லாரும் களைப்பாறினார்கள். ஊரில் மேசன் வேலை செய்த ஐயா ஒருவர் மட்டும் சாப்பிடவில்லை. கல்லைத் தடவித் தடவிச் சுற்றிவந்தார்.

"இதை அவரே கொத்தினவரோ, பிள்ளை?"

இல்லை. வீகலாண்ட் களிமண்ணில் முழு அளவில் செய்தார், அதற்குப் பிளாஸ்டர் வார்ப்பு எடுத்தார்கள். 1929இல் தொடங்கி மூன்று கல்தச்சர்கள் ஏறத்தாழ 14 ஆண்டுகள் அதைப் பார்த்துக் கொத்தினார்கள். வீகலாண்ட் 1943இல் இறந்துபோனார்.

"மண்ணில செய்தவருக்குப் பூங்காவே பேர். அந்த மூண்டு பேருக்கும் என்ன பேர்?"

எனக்குத் தெரியவில்லை. சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்ற அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னேன். தன் படைப்புகளை எல்லாம் ஒஸ்லோ நகரத்துக்குக் கொடுப்பதாக 1921இல் ஒப்பந்தம் செய்தார் வீகலாண்ட். பதிலுக்கு நகரம் கட்டிக்கொடுத்த பட்டறையும் வீடும்தான் இன்று அருங்காட்சியகம். பிளாஸ்டர் மாதிரிகள் அங்கே இருக்கின்றன.

ஐயா உடனே எழும்பிவிட்டார். அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும் என்றதும் பாதிப்பேர் பின்வாங்கினார்கள். மாமி மட்டும் கைப்பையைத் திறந்து, "அண்ணைக்கும் சேர்த்து நான் எடுக்கிறன், நடவுங்கோ" என்றார்.